காவற்சொல்லும் நினைவும்: கடவுச்சொல்லின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தமிழ் இலக்கண நூலார் சொல்வழக்கினை ஆராய்ந்தபோது, ஒரு கூட்டத்தார் தமக்குள் மாத்திரம் விளங்கிக்கொள்ளும்பொருட்டு வழங்கும் சொல்லினைக் குழூஉக்குறி என வகுத்தனர். பவணந்தி முனிவரின் நன்னூல் இதனைத் தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாகக் கொள்ளும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும் யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரையாசிரியர் காட்டும் உதாரணங்களாகும். இத்தகைய சொல்லின் இயல்பு இரண்டாக அமையும். அயலாருக்கு அது விளங்கலாகாது. உரியவருக்கு அது மறந்துபோகலாகாது. இவ்விரண்டனுள் ஒன்று தவறினும் அச்சொல்லாற் பயனில்லை.

காவலின்பொருட்டு மனிதர் தெரிவுசெய்த சொற்கள் யாவற்றுக்கும் இவ்விரு நிபந்தனைகளும் பொருந்தும். பாசறையின் வாயிலிலே போர்வீரன் உரைத்த அடையாளச் சொல்லும், பகைநாட்டில் மறைந்து தொழிற்பட்ட முகவன் மனத்திற் சுமந்த மறையெழுத்துத் திறவுகோலும், இன்று வங்கிக் கணக்கினைத் திறத்தற்குக் கணனியில் இடப்படும் கடவுச்சொல்லும் ஒரே தேவையின் வெவ்வேறு வடிவங்களே. இவற்றின் வரலாற்றை நோக்குமிடத்து, இரகசியத்தைப் பேணும் ஆர்வத்தினால் நினைவின் எல்லை புறக்கணிக்கப்பட்டபோதெல்லாம் இரகசியமும் அழிந்துபோயிற்று என்பது புலனாகும். அவ்வுண்மையைச் சில நிகழ்ச்சிகள் வாயிலாக எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏனியாஸ் என்னும் கிரேக்க ஆசிரியர், முற்றுகைக்குள்ளான நகரினைக் காக்கும் முறை பற்றி நூலொன்று இயற்றினார். போர்முறை வல்லுநர் என்னும் பொருள்பட அவரை ஏனியாஸ் தக்திக்கஸ் என அழைப்பர். அந்நூலின் ஒரு பகுதி அடையாளச் சொற்களைத் தெரிவுசெய்யும் முறையினை விரித்துரைக்கின்றது. பல நகரத்தவர் கலந்த சேனையிலே இரு பெயர்களால் வழங்கும் ஒன்றினை அடையாளச் சொல்லாகக் கொடுத்தலாகாது என்பது அவர் விடுக்கும் எச்சரிக்கையாகும். போர்த் தெய்வத்தை ஏரிஸ் என வழங்குவாரும் உளர். எனியாலியஸ் என வழங்குவாரும் உளர். அதீனாவைப் பல்லாஸ் என்பாரும் உளர். கேட்ட பெயரை விடுத்துத் தன் ஊர் வழக்கிலுள்ள மற்றப் பெயரை ஒரு வீரன் உரைத்துவிடுவானாயின், இருளிலே நண்பனும் பகைவனாகக் கருதப்படுவான்.

மேற்கொள்ளவிருக்கும் கருமத்தோடு இயைபுடைய சொல்லே நினைவில் எளிதாக நிலைக்கும் என்பது ஏனியாஸ் கூறும் மற்றோர் அறிவுரையாகும். மறைவாகச் செய்யும் கருமத்துக்குத் தந்திரத்தின் தெய்வமாகிய ஹேர்மிஸின் பெயரும், வலிமையாற் செய்வதற்கு ஹெரக்ளிஸின் பெயரும், வெளிப்படையாகச் செய்வதற்கு ஞாயிறு, திங்கள் ஆகியவற்றின் பெயர்களும் பொருந்தும் என்பர் அவர். ஒரே சொல்லை இரு தரத்தாரும் கூறாது, ஒருவர் ஒரு சொல்லைக் கூற மற்றவர் வேறொரு சொல்லை மறுமொழியாக உரைத்தல் வேண்டுமென்ற இபிக்கிரற்றிஸ் என்னும் தளபதியின் ஆலோசனையும் அந்நூலிலே இடம்பெறுகின்றது. இரகசியமும் நினைவும் ஒருங்கே பேணப்படல் வேண்டும் என்னும் கொள்கை இற்றைக்கு ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே தெளிவாக உணரப்பட்டிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

அடையாளச் சொல் வெளிப்பட்டுவிட்டால் நேரும் இடரினைத் துசிடிடிஸ் தமது வரலாற்று நூலிலே விவரித்துள்ளார். கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிராக்கியூஸ் நகரருகேயுள்ள எப்பிப்பொலே மேட்டினை ஏதென்ஸ் நகரப் படை இரவிலே தாக்கியது. நிலவொளியில் உருவம் தெரிந்ததேயன்றி முகம் தெரியவில்லை. ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேறு வழியின்றி ஏதென்ஸ் வீரர்கள் தமது அடையாளச் சொல்லை மீண்டும் மீண்டும் உரக்கக் கேட்டனர். பகைவர் அதனைக் கற்றுக்கொண்டனர். பின்னர் சிராக்கியூஸ் வீரர் அச்சொல்லையே உரைத்துத் தப்பிச்சென்றனர். அவர்தம் சொல்லை அறியாத ஏதென்ஸ் வீரரோ மாண்டனர். ஒரே சொல்லை இடமறியாது பன்முறை வழங்கியதன் விளைவு இதுவாகும்.

உரோமர் இதற்கு ஓர் ஒழுங்குமுறையினை வகுத்தனர். அவர்தம் பாசறை முறைபற்றிப் பொலிபியஸ் தரும் விவரம் குறிப்பிடத்தக்கது. நாள்தோறும் ஞாயிறு மறையும் வேளையில், பாசறையின் கடைக்கோடியிலுள்ள படைப்பிரிவுகளிலிருந்து இதற்கெனத் தெரிவுசெய்யப்பட்ட வீரர் தலைவரின் கூடாரத்துக்குச் சென்று, அன்றிரவுக்குரிய சொல் எழுதப்பட்ட சிறு மரப்பலகையைப் பெறுவர். அது சாட்சிகளின் முன்னிலையிலே பிரிவு பிரிவாகக் கைமாறி, இருள் சூழுமுன் தலைவரிடம் திரும்பி வந்துசேரல் வேண்டும். ஒரு பலகை வாராதொழியின், வந்தவற்றின் அடையாளங்களைக் கொண்டு தவறு எப்பிரிவிலே நேர்ந்தது என்பதைத் தலைவர் உடனே கண்டறிவார்.

பண்டைய முறையின் மூன்று இயல்புகள் இவற்றால் விளங்கும். ஒருவர் ஒரு வேளையிலே நினைவிற் கொள்ளவேண்டியது ஒரு சொல்லே. அச்சொல்லின் ஆயுள் ஓர் இரவே. அதனைத் தெரிவுசெய்யும் பொறுப்புத் தலைவனுடையது, தனி வீரனுடையதன்று. பிற்காலத்திலே இம்மூன்றும் தலைகீழாயின.

விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமம் கூறும் 'ஷிபோலெத்' என்னும் சொல்லின் கதை இதனின்றும் வேறுபட்டது. யோர்தான் ஆற்றின் துறைகளிலே நின்ற கீலேயாத்தியர், தப்பியோட முயன்ற எப்பிராயீமரை அச்சொல்லை உச்சரிக்கச் செய்து, முதலெழுத்தைத் திருந்த உரைக்கமாட்டாதாரைக் கொன்றனர். இலங்கையிலே 1983ஆம் ஆண்டு வன்செயல்களின்போதும் சிங்களச் சொற்களை உச்சரிக்கச் சொல்லித் தமிழரை இனங்கண்ட நிகழ்ச்சிகள் உண்டு. இங்கே சோதிக்கப்பட்டது ஒருவர் அறிந்திருந்த இரகசியமன்று. பிறந்து வளர்ந்த சூழலால் அமைந்த நாவின் பழக்கமேயாகும். அதனைத் தெரிவுசெய்யவும் இயலாது. வேண்டும்போது மாற்றிக்கொள்ளவும் இயலாது. தெரிவும் மாற்றமும் மனிதனின் கையில் இருப்பதனாலேயே காவற்சொல் அவனுக்குத் துணையாகின்றது.

நினைவு பற்றிய நிபந்தனையை நவீன காலத்திலே தெளிவாக வகுத்தவர் ஒகுஸ்த் கேர்க்கோவ்ஸ் என்னும் மொழியறிஞராவர். 1883இல் பிரெஞ்சு இராணுவ சஞ்சிகையொன்றிலே மறையெழுத்து முறைகள் பற்றி அவர் எழுதிய கட்டுரை ஆறு விதிகளைத் தந்தது. முறை பகைவரின் கையில் அகப்பட்டாலும் தீங்கு நேராதிருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் புகழ்பெற்றது. எழுத்துக் குறிப்பின் துணையின்றித் திறவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளக் கூடியதாயிருத்தல் வேண்டும் என்பது அதற்கு அடுத்த விதியாகும். முன்னைய விதி பேரளவிற் போற்றப்பட்டது. பின்னையது அத்துணைக் கவனம் பெறவில்லை.

நினைவையே முழுதாக நம்புதலிலும் ஆபத்துண்டு என்பதை இரண்டாம் உலக மகாயுத்தம் உணர்த்தியது. ஜேர்மனியர் வசமிருந்த நாடுகளுக்குள் முகவர்களை அனுப்பும்பொருட்டுப் பிரித்தானியா 1940இல் விசேட நடவடிக்கைப் பிரிவினை நிறுவியது. அம்முகவர்கள் செய்திகளை மறைப்பதற்குக் கவிதையொன்றினைத் திறவுகோலாகக் கொண்டனர். மனனஞ்செய்த கவிதையிலிருந்து ஐந்து சொற்களைத் தெரிந்து, அவற்றின் எழுத்துகளுக்கு அகரவரிசைப்படி எண்ணிட்டு, அவ்வெண்களின் ஒழுங்கிலே செய்தியின் எழுத்துகளை இடம்மாற்றுவதே அம்முறையாகும். கையில் எவ்விதச் சான்றும் இராமையால் சோதனையின்போது அகப்படுவதற்கு எதுவுமில்லை என்பது அதன் சிறப்பாகக் கருதப்பட்டது.

1942இல் அப்பிரிவிற் சேர்ந்த லியோ மார்க்ஸ் என்னும் இளைஞர் இம்முறையின் குறைகளை எடுத்துக்காட்டினார். முகவர்கள் பெரும்பாலும் புகழ்பெற்ற கவிதைகளையே தெரிவுசெய்தனர். ஒரு செய்தியினை உடைத்துச் சில சொற்களைக் கண்டறிந்த பகைவர், கவிதைத் தொகுதிகளைப் புரட்டி முழுக் கவிதையையும் கண்டுகொள்ளல் இயலும். பின்னர் அம்முகவரின் செய்திகள் யாவும் வெளிப்படையாகிவிடும். அச்சத்தாலும் களைப்பாலும் ஒரு சொல்லின் எழுத்தைத் தவறவிட்டால் செய்தி இலண்டனில் விளங்காது போகும். அதனைத் திரும்ப அனுப்பும்போது ஜேர்மனியரின் கருவிகள் அவரது இருப்பிடத்தைக் கண்டறிந்துவிடும். இங்ஙனம் ஓர் எழுத்தின் மறதி ஓர் உயிரின் விலையாகும் நிலை இருந்தது. இதனாலேயே, விளங்காத செய்திகளைத் திரும்பக் கேளாது, இரவும் பகலுமாக முயன்று இலண்டனிலேயே விடுவிக்கும் வழக்கத்தினை மார்க்ஸ் ஏற்படுத்தினார்.

ஒல்லாந்திலிருந்து வந்த செய்திகள் தொடர்பாக அவர் குறிப்பிட்டதொரு செய்தி சிந்தனைக்குரியது. ஏனைய நாடுகளிலிருந்து வந்தவற்றிலே பிழைகள் மலிந்திருக்க, ஒல்லாந்துச் செய்திகளில் விடுவிக்க இயலாத பிழை எதுவும் காணப்படவில்லை. இப்பிழையின்மையே அவருக்கு ஐயத்தை விளைவித்தது. உயிருக்கு அஞ்சி மறைந்து வாழும் மனிதர் பிழைவிடாதிருத்தல் இயல்பன்று என அவர் கருதினார். அங்கிருந்த முகவர்கள் பிடிபட்டு, அவர்தம் வானொலிகளை ஜேர்மனியரே இயக்கிவந்தமை பின்னர் உறுதியாயிற்று. பிழையும் மறதியும் மனித இயல்பு என்பதை உணர்ந்தவராலேயே இவ்வுண்மையை ஊகிக்க முடிந்தது.

மார்க்ஸ் முதலிற் கண்ட பரிகாரம், எந்நூலிலும் இல்லாத புதிய கவிதைகளை இயற்றி முகவர்களுக்குக் கொடுப்பதாகும். 1944இல் வயலட் சாபோ என்னும் பெண் முகவருக்கு அவர் கொடுத்த, தாமே இயற்றிய சிறு காதற்பாடல் பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்றது. சாபோ அவ்வாண்டிலேயே பிரான்சிற் பிடிபட்டு, 1945இன் தொடக்கத்தில் ராவன்ஸ்புறூக் வதைமுகாமிற் கொல்லப்பட்டார். மார்க்ஸ் கண்ட இரண்டாவது பரிகாரம் பட்டுத்துணியிலே திறவுகோல்களை அச்சிட்டுக் கொடுத்தலாகும். ஆடைக்குள் மறைத்துத் தைத்த பட்டு, தடவிச் சோதிப்போர் கையில் எளிதில் உணரப்படாது. ஒரு செய்திக்குப் பயன்பட்ட பகுதி உடனே வெட்டி எரிக்கப்படும். அதனை மனனஞ்செய்ய இயலாதாகையால், சித்திரவதைக்குள்ளான முகவர் சொல்லவிரும்பினாலும் பழைய திறவுகோலை வெளியிட முடியாது. நினைவுக்குத் தாங்கக்கூடிய சுமையைக் கொடுத்து, தாங்கமுடியாததைப் பொருளொன்றிடம் ஒப்படைத்தலே இவ்விரு பரிகாரங்களின் சாரம் எனலாம்.

கணனியுலகிலே கடவுச்சொல் புகுந்தமை 1960களின் தொடக்கத்திலாகும். ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பட்டோவின் தலைமையில் உருவாகிய நேரப்பகிர்வு முறைமை 1961இல் முதன்முதல் இயக்கிக் காட்டப்பட்டது. பலர் ஒரு கணனியைப் பகிர்ந்து பயன்படுத்தியமையால், அவரவர் கோவைகளையும் அவரவருக்குரிய நேரத்தையும் வேறுபடுத்துவதற்குத் தனித்தனிக் கடவுச்சொற்கள் வழங்கப்பட்டன. அவை நெடுங்காலம் இரகசியமாயிருக்கவில்லை. வாரத்துக்கு நான்கு மணிநேரமே ஒதுக்கப்பட்டிருந்த அலன் ஷெர் என்னும் ஆய்வு மாணவர், 1962இல் துளையிட்ட அட்டையொன்றினால் அச்சிடும் ஆணையைக் கொடுத்து அனைவரின் கடவுச்சொற்களையும் பெற்றுக்கொண்டார். 1966இல் இரு கோவைகள் தற்செயலாக இடம்மாறியமையால், அன்றைய அறிவித்தல் தோன்றவேண்டிய இடத்திலே அனைவரின் கடவுச்சொற்களும் தோன்றின. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் சொற்களைத் தெரிவுசெய்தோர்மீது தவறில்லை. சொற்கள் உள்ளவாறே எழுதி வைக்கப்பட்டிருந்தமையே தவறாகும்.

இதற்குரிய பரிகாரம் 1960களிலேயே இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் காணப்பட்டது. றோஜர் நீடாம், மைக் கை ஆகியோர் ஒருவழிக் கணிப்பினைக் கையாண்டனர். கடவுச்சொல்லை அவ்வாறே சேமிக்காது, மீட்டெடுக்க இயலாதவாறு உருமாற்றிச் சேமிப்பதே அம்முறையாகும். நெல்லைக் குற்றி மாவாக்கலாம். மாவினை மீண்டும் நெல்லாக்குதல் கூடாது. எனினும் எந்த நெல்லிலிருந்து எந்த மா வரும் என்று ஒவ்வொன்றாகக் குற்றிப் பார்த்தல் கூடும். ஆகவே சொல்லினை ஊகிப்பதே பகைவருக்கு எஞ்சிய வழியாயிற்று.

அவ்வழி எத்துணை எளிதென்பதை றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட கட்டுரை காட்டியது. அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 15 ஒற்றை எழுத்தால் ஆனவை. 72 இரண்டெழுத்துகள் கொண்டவை. 464 மூன்றெழுத்துகள் கொண்டவை. ஆறு சிறிய எழுத்துகளாலானவை 605. அகராதியிலும் பெயர்ப்பட்டியல்களிலும் அகப்பட்டவை 492. இவைபோன்று எளிதிற் கண்டறியத்தக்கவை மொத்தமாக 2,831. அதாவது நூற்றுக்கு 86. 1988 நவம்பரில் இணையத்திற் பரவிய முதலாவது பெரும் 'புழு' நிரல், ஏனைய வழிகளோடு 432 சொற்கள் கொண்ட பட்டியலொன்றினாலும் கடவுச்சொற்களை ஊகித்தது. அதனை எழுதியவர் மேற்கூறிய மொறிஸின் மகனாவார்.

இக்குறைகளைக் களையும்பொருட்டு நிறுவனங்கள் விதிகளை விதித்தன. பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறியீடு ஆகியன கலந்திருத்தல் வேண்டும், சில மாதங்களுக்கொருமுறை மாற்றப்படல் வேண்டும், எழுதிவைத்தல் கூடாது. ஐக்கிய அமெரிக்காவின் தேசிய நியமங்கள், தொழினுட்ப நிறுவகம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டியும் இத்தகைய விதிகள் எங்கும் பரவ ஏதுவாயிற்று. ஓர் இரவுக்கு ஒரு சொல் என்றிருந்த நிலை மாறி, ஒருவர் பல சொற்களைப் பல்லாண்டு சுமக்கவேண்டிய நிலை தோன்றியது. பாவனையாளர் செய்தது யாது? முதலெழுத்தைப் பெரிதாக்கினர், இறுதியில் ஓர் எண்ணையும் வியப்புக்குறியையும் சேர்த்தனர், மாற்றவேண்டிய காலத்தில் 1ஐ 2 ஆக்கினர், ஒரே சொல்லை எல்லா இடங்களிலும் வழங்கினர். கணனியின் கண்ணுக்கு விதி நிறைவேறிற்று. ஊகிப்போருக்கோ வழி மேலும் இலகுவாயிற்று.

குறை பாவனையாளருடையது என்ற பொதுக்கருத்தை ஆன் அடம்ஸ், அஞ்சலா சாஸ் ஆகியோர் 1999இல் மறுத்தனர். பாவனையாளர் பகைவரல்லர் என்பதே அவர்தம் கட்டுரையின் தலைப்பாகும். நினைவால் தாங்கமுடியாத சுமையை ஏற்றிவிட்டு, அதனை இறக்கிவைப்பவரைக் கவனமற்றவர் எனக் குற்றங்கூறல் முறையன்று என்பது அவர்கள் கண்ட முடிவாகும்.

சில ஆண்டுகளில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முதலாண்டு மாணவர் ஏறத்தாழ 300 பேரைக் கொண்டு நிகழ்த்திய பரிசோதனையும் இதற்கு அரண்செய்தது. ஒரு குழுவினர் வழக்கமான அறிவுரையின்படி சொற்களைத் தெரிந்தனர். மற்றொரு குழுவினர் கண்ணைமூடிப் பொறுக்கிய எழுத்துகளைக் கொண்டனர். மூன்றாங் குழுவினர் தாமே அமைத்த வாக்கியமொன்றின் முதலெழுத்துகளைக் கொண்டனர். முதற் குழுவினரின் சொற்களுள் ஏறத்தாழ மூன்றிலொன்று உடைக்கப்பட்டது; ஏனைய இரு குழுக்களிலும் பத்திலொன்றுக்கும் குறைவாகவே உடைக்கப்பட்டது. வாக்கியக் குழுவினரின் சொற்கள் பொறுக்கிய எழுத்துகளைப்போல வலிமையுடையனவாகவும், வழக்கமான சொற்களைப்போல நினைவுக்கு எளியனவாகவும் அமைந்தன. ஏனியாஸ் கூறிய இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறக்கூடும் என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது.

சொற்களின் எண்ணிக்கையே வலிமை தரும் என்பதைக் கணக்கும் காட்டுகின்றது. ஆர்னல்ட் றைன்ஹோல்ட் 1995இல் வெளியிட்ட முறையின்படி, பகடையை ஐந்துமுறை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒரு சொல் பெறப்படும். இவ்வாறு ஐந்து சொற்களைப் பெற்றால், விசைப்பலகையின் 95 குறிகளிலிருந்து குருட்டுவாக்கிற் பொறுக்கிய எட்டு எழுத்துகளைவிட நாலாயிரம் மடங்குக்கு மேற்பட்ட சாத்தியங்கள் உண்டாகும். எட்டு அருவருப்பான குறிகளை மனனஞ்செய்தலினும், ஐந்து சொற்களை ஒரு சிறு காட்சியாகக் கற்பனைசெய்து நினைவிற் பதித்தல் எளிது.

செய்யுள்வழிக் கல்வி மரபினையுடைய தமிழருக்கு இது புதுமையன்று. ஓசையும் தொடையும் நினைவுக்குத் துணையாகும் என்பதனாலேயே மருத்துவமும் சோதிடமும் இலக்கணமும் செய்யுளில் யாக்கப்பட்டன. ஆயினும் ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏழு சீர் கொண்ட குறளொன்றினைக் கடவுச்சொல்லாகக் கொள்பவர், புகழ்பெற்ற கவிதையைத் தெரிந்த போர்க்கால முகவரின் தவற்றினையே புரிகின்றார். 1,330 குறள்களையும் கணனியொன்று கண்ணிமைக்கும் பொழுதுக்குள் முயன்றுவிடும். உலகறிந்த பாடல் நினைவில் நிற்கும், இரகசியமாக நில்லாது. ஒருவர் தாமே ஆக்கிய, வேறெவரும் உரைத்திராத தொடரே இரண்டுக்கும் இடந்தரும்.

2009இல் றொக்யூ என்னும் நிறுவனத்தின் 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் வெளியாயின. அவை உள்ளவாறே எழுதிவைக்கப்பட்டிருந்தன; அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டது '123456' என்பதாகும். 1960களின் பாடமும் 1979இன் பாடமும் ஒருங்கே மறக்கப்பட்டிருந்தமைக்கு இது சான்றாகும். இறுதியில் 2017இல் மேற்குறித்த அமெரிக்க நிறுவகம் தன் விதிகளைத் திருத்தியது. குறியீடுகளைக் கட்டாயமாகக் கலக்கச் செய்தலும், காரணமின்றிக் காலத்துக்குக் காலம் மாற்றச் செய்தலும் வேண்டா என்றது. நீண்ட தொடர்களுக்கு இடமளிக்குமாறும், ஏற்கெனவே வெளியான சொற்களை ஏற்காதொழியுமாறும் பணித்தது. பழைய வழிகாட்டியை எழுதிய பில் பேர் தம் விதிகள் பலவற்றுக்காக வருந்துவதாக அவ்வாண்டிலேயே வெளிப்படையாகக் கூறினார்.

இன்று பல கடவுச்சொற்களை மறைத்துப் பேணும் மென்பொருள்களும், சொல்லேயின்றிக் கருவியினுள் திறவுகோலை வைத்திருக்கும் முறைகளும் பரவிவருகின்றன. இவை லியோ மார்க்ஸின் பட்டுத்துணியின் வழிவந்தவை எனின் மிகையாகாது. எனினும் அக்கருவிகளையும் மென்பொருள்களையும் திறத்தற்கு மனத்திலுள்ள சொல் ஒன்றேனும் பெரும்பாலும் வேண்டியிருக்கின்றது. அந்த ஒன்றினை நீண்டதாகவும், தமக்கே உரியதாகவும், பிறிதோரிடத்து வழங்காததாகவும் தெரிவுசெய்தல் ஒருவரின் கடமையாகும். அதற்கு மேலும் சுமையேற்றாதிருத்தல் முறைமைகளை வகுப்போரின் கடமையாகும். தன் வீரர்கள் எதனை நினைவிற் கொள்வர், எதனை மறப்பர் என்பதை அறிந்து சொற்களைத் தெரிந்த பண்டைத் தளபதி இவ்விரண்டாவது கடமையை உணர்ந்திருந்தான். மறக்கும் இயல்புடைய மனிதனை மனிதனாக ஏற்றுக்கொண்ட காவலே நிலைக்கும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.